லண்டன் கடிதம்: பிரபு வீட்டுக்கு டிக்கெட்

சுற்றிலும் சில ஆயிரம் ஏக்கர் நிலம், அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் கட்டும் பணம், அந்தப் பணத்தில் எழுப்பிய வீடு. பிரிட்டனின் நாட்டுப்புற மாளிகை இந்த மூன்றும் சேர்ந்தது. நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் பிரபு லண்டனில் இன்னொரு வீட்டில் இருப்பார். வேட்டைப் பருவத்தில் இங்கே வந்து சேர்வார். அவர் இல்லாத நாளிலும் தரையைத் துடைக்கவும் புல்லை வெட்டவும் குதிரைக்குத் தீனி வைக்கவும் ஒரு சிறு படையே சம்பளத்தில் இருந்தது. இன்று பிரிட்டன் முழுவதும் இப்படி நூற்றுக்கணக்கான மாளிகைகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. முன்பு குத்தகை வாங்கிய வாசலில் இப்போது டிக்கெட் கொடுக்கிறார்கள்.

வரிசையில் நிற்பவர்களில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவை வீட்டிலேயே வைத்திருந்தால் மூன்றாம் வாரமே ஊருக்கு டிக்கெட்டை மாற்றச் சொல்வார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். லண்டன் கோபுரமும் அரண்மனை வாசலும் பார்த்தாயிற்று, கோயிலுக்கும் போயாயிற்று. மிச்சமிருப்பது மாளிகைதான். அடுத்த கோடைக்கு விமானம் ஏறவிருப்பவர்கள் அதைப் பற்றிச் சில விவரங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அடுத்தவர் வீட்டைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் இங்கே புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வண்டி வைத்திருக்கும் கண்ணியமான குடும்பம் ஒன்று பிரபுவின் வாசலில் போய் நின்றால், வீட்டு நிர்வாகி அம்மாள் சாவிக்கொத்துடன் வந்து அறை அறையாகக் காட்டுவார். போகும்போது அவர் கையில் ஏதாவது வைக்க வேண்டும். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் நாயகி, தான் வேண்டாமென்று மறுத்த மாப்பிள்ளையின் மாளிகையை இப்படித்தான் சுற்றிப் பார்க்கிறாள். பார்த்த பிறகு மனம் மாறுகிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யும் நியாயம் இங்கும் செல்லுபடியாகியிருக்கிறது.

பழைய பழக்கம் வியாபாரமாக மாறியதற்குக் காரணம் வரி. 1894இல் நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் இறந்தவர் சொத்து மீது புதிய வரி ஒன்றை விதித்தார். அப்போது உச்ச விகிதம் நூற்றுக்கு 8 பவுண்டு. 1919இல் அது 40 ஆயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 80. தகப்பன் போனால் வீட்டில் ஐந்தில் நான்கு பங்கு அரசாங்கத்துக்கு. முதல் உலகப் போரில் தகப்பனும் மகனும் அடுத்தடுத்து இறந்த குடும்பங்கள் வரிக்கு மேல் வரி கட்டின. தானிய விலை ஏற்கெனவே விழுந்து குத்தகை வருமானம் சுருங்கியிருந்தது. கூலிக்கு வர வேண்டிய பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போய்விட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒரே வீச்சில் முடித்தது. பிரிட்டனில் அப்படிச் சட்டம் எதுவும் வரவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பில் வந்தது.

பில் கட்ட முடியாதவர்கள் நிலத்தை விற்றார்கள், பிறகு படங்களை, பிறகு கூரையின் ஈயத் தகட்டை. கடைசியில் வீட்டையே இடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் இப்படி மறைந்த மாளிகைகள் ஆயிரத்துக்கும் மேல். 1974இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் இடிந்த மாளிகைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்த பிறகுதான் ஊர் கொஞ்சம் விழித்துக்கொண்டது.

டெர்பிஷயரிலுள்ள சாட்ஸ்வர்த் மாளிகையின் கதை இதற்கு நல்ல உதாரணம். டெவன்ஷயர் பிரபு குடும்பத்தின் பத்தாவது டியூக், வரியிலிருந்து தப்பிக்கச் சொத்தை முன்கூட்டியே கைமாற்றிவிட்டிருந்தார். கைமாற்றியவர் ஐந்தாண்டு உயிரோடிருந்தால் வரியில்லை என்பது சட்டம். அவர் 1950 நவம்பரில், கெடு முடியச் சில மாதங்களே இருக்கும்போது திடீரென்று இறந்தார். வரி 80 சதவீதம். ஓவியங்கள் போயின, ஆயிரக்கணக்கான ஏக்கர் போயிற்று, குடும்பத்தின் இன்னொரு மாளிகையான ஹார்ட்விக் ஹால் வரிக்கு ஈடாக அரசாங்கத்திடம் போய், 1959இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரிய அமைப்பிடம் வந்து சேர்ந்தது. சாட்ஸ்வர்த்தைக் காப்பாற்ற ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். இப்போது டியூக் அந்த அறக்கட்டளைக்கு வாடகை கட்டித் தன் வீட்டில் குடியிருக்கிறார். ஊரிலிருந்து வரும் அப்பாக்கள் இந்த ஒரு தகவலைத்தான் நெடுநேரம் ரசிக்கிறார்கள்.

வாசலைத் திறந்து காசு பார்க்கத் துணிந்தவர்களில் முன்னோடி லாங்லீட் மாளிகையின் பாத் பிரபு. 1949இல் அரை கிரவுன் கட்டணத்துக்கு மாளிகையைத் திறந்தார். சக பிரபுக்கள் முகம் சுளித்தார்கள். கூட்டம் வருவதைப் பார்த்ததும் தாங்களும் திறந்தார்கள். 1952இல் போலியூ திறந்தது. அங்கே பழைய மோட்டார் கார்கள். 1955இல் வோபர்ன் திறந்தது. பாத் பிரபு 1966இல் மாளிகைக் காட்டில் சிங்கங்களை விட்டார். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிங்கத்தின் நடுவே ஓட்டிப் போகலாம். முன்னோர் மான் வேட்டையாடிய காட்டில் வாரிசு சிங்கத்தை வைத்துக் கூரையைப் பழுதுபார்த்தார்.

“இதெல்லாம் இப்போ யார் பேர்லப்பா இருக்கு?” என்று கேட்காத அப்பா இல்லை. பதில் மூன்று வகை. சில மாளிகைகள் இன்னும் குடும்பத்தின் பெயரிலேயே இருக்கின்றன. சில கோட்டைகளையும் மாளிகைகளையும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு பராமரிக்கிறது. வேறு பல நேஷனல் டிரஸ்டிடம். ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர், பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி மூவரும் 1895இல் தொடங்கிய அறக்கட்டளை அது. நகரத்து ஏழைகளுக்குத் திறந்தவெளியும் நல்ல காற்றும் வேண்டும் என்பதே முதல் நோக்கம். அது வாங்கிய முதல் கட்டடம் சசெக்ஸில் கூரை வேய்ந்த ஒரு பழைய பாதிரியார் வீடு. 1896இல் விலை 10 பவுண்டு. மாளிகைகள் வந்தது பின்னால்தான். லோதியன் பிரபு 1934இல் யோசனையைச் சொன்னார். 1937இல் சட்டம் வழிவிட்டது. மாளிகையை டிரஸ்டுக்கு எழுதி வைத்தால் வரி கிடையாது, குடும்பம் ஒரு பகுதியில் தொடர்ந்து குடியிருக்கலாம், மக்களை மட்டும் உள்ளே விட வேண்டும். யோசனை சொன்னவரே 1940இல் இறந்தபோது நார்ஃபோக்கிலுள்ள தமது பிளிக்லிங் மாளிகையை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

டிரஸ்டுக்கு இன்று ஐம்பது லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். ஆண்டுச் சந்தா கட்டினால் நுழைவு இலவசம், பெரும்பாலான இடங்களில் கார் நிறுத்தவும் காசில்லை. மூன்று நான்கு மாளிகை பார்த்தாலே கட்டிய பணம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் எல்லாரும் சேர்கிறார்கள். பிறகு கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று மழையிலும் போகிறார்கள். குடும்ப அட்டையும் உண்டு. ஆனால் ஊர் ரேஷன் அட்டை போலத் தாத்தா பாட்டி எல்லாரையும் அதில் சேர்க்க முடியாது. குடும்பம் என்றால் இரண்டு பெரியவர், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பெற்றோருக்குத் தனி டிக்கெட். அதன் விலையை அம்மா காதில் விழாமல் சொல்வது பிள்ளையின் சாமர்த்தியம். விழுந்துவிட்டால் அவர் அதை ரூபாயில் பெருக்கிவிட்டு, “நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் கார்லயே இருக்கேன்” என்பார்.

டிக்கெட் கொடுப்பவர் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்: இந்த நாட்டில் வருமான வரி கட்டுகிறீர்களா? பயப்பட வேண்டியதில்லை. கிஃப்ட் எய்ட் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. வரி கட்டுபவர் ஒரு பவுண்டு நன்கொடை கொடுத்தால் அறக்கட்டளை அரசாங்கத்திடமிருந்து மேலும் 25 பென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். இறந்தவர் வீட்டிலிருந்து வரியை வாங்கிய அதே கருவூலம் இப்போது அந்த வீட்டுக்கே சில்லறை திருப்பித் தருகிறது.

போகும் வழியில் பழுப்பு நிறப் பலகைகள் வழிகாட்டும். கூகிள் மேப் மாளிகையின் பின்வாசலுக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ கொண்டுபோய் விடுவதுண்டு. பலகையை நம்புவதே உத்தமம். பழைய வழக்கப்படி ஈஸ்டர் முதல் அக்டோபர் முடிய மாளிகை திறந்திருக்கும். குளிர்காலத்தில் பல இடங்களில் தோட்டம் மட்டும், அல்லது கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காகச் சில வாரம். காலில் செருப்பு கூடாது. புல்தரை எந்நாளும் ஈரம். சரளைக்கல் பாதை செருப்புக்குள் புகும். ஜூலை மாதம்தானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் மகனின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் முதுகுப் பையை மார்பில் மாட்டச் சொல்வார்கள். திரும்பும்போது பை இடித்து ஜாடி விழக் கூடாது. குச்சிக் குதிகால் செருப்பு போட்டவருக்கு வேறு காலணி தருவார்கள். அறைக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கி அதிகாரியோதான், சம்பளம் கிடையாது. விசாரித்தால் போதும், கூரைச் சிற்பத்திலிருந்து கம்பளத்தின் முடிச்சு வரை சொல்லுவார். விசாரிக்காமல் வெறுமனே சிரித்தாலும் சொல்லுவார். ஆங்கிலம் தெரியாத அம்மாக்கள் சிரித்துத் தலையாட்டியதில் பத்து நிமிடம் படுக்கையறைத் திரைச்சீலையின் வரலாற்றைக் கேட்டு நின்றதுண்டு.

நாற்காலிகள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. வரிசையாகப் பட்டு மெத்தை நாற்காலிகள் போட்டிருக்கும், கால் வலிக்கும், யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் காய்ந்த பைன் காய் ஒன்று கிடக்கும். இல்லாவிட்டால் டீசெல் (teasel) என்ற முள்செடியின் காய்ந்த பூந்தலை. மரத்திலிருந்து விழுந்ததோ அலங்காரமோ அல்ல. ‘உட்காராதே’ என்று பலகை வைப்பது மரியாதையில்லை என்பதால் முள்ளை வைக்கிறார்கள். அதைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்த நல்ல மனம் படைத்த பெரியவர்களைக் காவலர்கள் மிகப் பணிவாக எழுப்பி, வேறு நாற்காலி காட்டுவார்கள். வந்தவர்கள் உட்காருவதற்கென்றே அறைக்கொரு சாதாரண நாற்காலி ஓரமாக இருக்கும்.

பகலிலும் அறை இருட்டாக இருப்பது மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க அல்ல. வெயில் பட்டால் பட்டு இற்றுப்போகும், நீர்வண்ண ஓவியம் வெளுக்கும். ஆகவே ஜன்னல் திரையை இறக்கி, ஓர் ஆண்டில் ஒரு திரைச்சீலை மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வாங்கலாம் என்று கணக்கு வைக்கிறார்கள். குளிர்காலத்தில் நாற்காலி, விளக்கு, சிலை எல்லாவற்றுக்கும் உறை போட்டு மூடி வைத்து, மட்டக் குதிரை மயிர்த் தூரிகையால் தூசு தட்டுவார்கள். நூலகத்தில் புத்தகத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கிறார்கள். அந்த வேலையைச் செய்யும் தொண்டருக்கு அதைத் திறந்து படிக்க நேரம் கிடையாது.

“இத்தனை ரூமையும் யாருப்பா பெருக்குவா?” என்பது அம்மாக்களின் கேள்வி. அதற்குப் பதில் மாடியில் கிடைக்காது. நிலவறைப் பக்கம் இறங்க வேண்டும். கார்ன்வாலிலுள்ள லான்ஹைட்ராக் மாளிகை 1881இல் தீப்பிடித்து, புதிதாகக் கட்டப்பட்டது. அதன் சமையல் பகுதியில் இறைச்சிக்கு ஓர் அறை, மீனுக்கு ஓர் அறை, மாவுப் பண்டத்துக்கு ஓர் அறை, ரொட்டி சுட ஓர் அறை, பாலுக்கும் வெண்ணெய்க்கும் குளிர்ந்த ஓர் அறை, பாத்திரம் கழுவ ஓர் அறை. நடுவில் கோயில் மண்டபம் உயரத்துக்குப் பெரிய சமையலறை. சாப்பாட்டு வாடையும் தீப்பொறியும் மாடிக்குப் போகக் கூடாதென்று இங்கெல்லாம் சமையலறையைச் சாப்பாட்டு அறைக்கு வெகுதூரத்தில் வைத்தார்கள். விளைவு, வெள்ளித் தட்டில் மூடி போட்டு வந்தாலும் பிரபுவின் சாப்பாடு பாதி நாள் ஆறித்தான் வந்தது. சுடச்சுடச் சாப்பிட்டவர் சமையல்காரர்.

தாழ்வாரச் சுவரில் வரிசையாக மணிகள் தொங்கும். மாடியில் கயிற்றை இழுத்தால் எந்த அறைக்காரர் கூப்பிடுகிறார் என்று கீழே தெரியும். வேலைக்காரர்களுக்குத் தனி மாடிப்படி. நிலக்கரி வாளியும் கழிவுப் பாத்திரமும் விருந்தாளியின் கண்ணில் படாமல் போகும் வழி அது. இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் வரவேற்பறையைவிடக் கீழ்த்தளத்தில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். தங்கள் பூட்டி எந்தத் தளத்தில் இருந்திருப்பாள் என்று அவர்களுக்குத் தெரியும். ‘டவுன்டன் ஆபி’ தொடர் படமாக்கப்பட்ட ஹைகிளியர் கோட்டைக்கு வரும் கூட்டம், பிரபுவுக்குச் சமமாக பட்லரையும் தேடுகிறது.

வேலைக்காரர்களை மதித்த விசித்திரக் குடும்பம் ஒன்றும் இருந்தது. வேல்ஸில் ரெக்ஸம் ஊரருகே எர்டிக் மாளிகையின் யோர்க் குடும்பத்தார், தச்சர், வேட்டைக்காவலர், வீட்டுப் பணிப்பெண் ஆகியோரை ஓவியமாகவும் புகைப்படமாகவும் எடுத்து மாட்டி, ஒவ்வொருவரைப் பற்றியும் செய்யுள் எழுதி வைத்தார்கள். அடியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதில் மாளிகை இறங்கிச் சாய்ந்தது, கூரை ஒழுகியது. கடைசி வாரிசு 1973இல் டிரஸ்டிடம் ஒப்படைத்தார். இங்கே ஒரு சென்னைச் சரக்கும் இருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல் இந்தப் பக்கத்துக்காரர். கிழக்கேயிருந்து அவர் அனுப்பிய அரக்குப் பூச்சுத் திரை எர்டிக்கில் நிற்கிறது.

வீட்டைப் பார்த்து முடித்தால் தோட்டம். இயற்கையாகத் தோன்றும் எதையும் இங்கே நம்பக் கூடாது. வளைந்தோடும் ஏரி வெட்டியது, குன்று கொட்டியது, ‘தானே வளர்ந்த’ ஓக் மரக் கூட்டம் ஒருவர் கையைக் காட்டி நட்டது. அந்த ஒருவர் பெரும்பாலும் கேப்பபிலிட்டி பிரவுன். 1716இல் பிறந்து 1783இல் இறந்தவர். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அவர் கைவண்ணம். கோடு கிழித்தாற்போலிருந்த பழைய பாத்திகளை அழித்து, புல்வெளியை வீட்டு வாசல்வரை கொண்டு வந்தார். ஊரே பார்வைக்கு இடைஞ்சலாக இருந்தால் ஊரை நகர்த்தினார்கள். டார்செட்டில் மில்டன் ஆபஸ் கிராமம் அப்படி இடம் மாற்றப்பட்டதுதான். அங்கே கூரை வேய்ந்த வீடுகள் இன்றும் ஒரே அளவில் வரிசையாக நிற்கின்றன. பயணிகள் அழகென்று படமெடுக்கிறார்கள்.

புல்வெளியில் மாடு மேயும்; ஆனால் வரவேற்பறை ஜன்னலுக்கு வராது; வேலியும் தெரியாது. நடந்து போனால்தான் ரகசியம் புரியும். தரை திடீரென்று ஆறடி பள்ளமாக இறங்கும். வீட்டுப் பக்கம் செங்குத்துச் சுவர், மாட்டுப் பக்கம் சரிவு. இதன் பெயர் ஹா-ஹா. கைப்பேசியில் பேசிக்கொண்டே பின்னால் நடப்பவர்களுக்கும் படம் எடுக்க இன்னும் இரண்டடி பின்னே போகச் சொல்கிறவர்களுக்கும் இதைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும்.

பணத்துக்கு எல்லை இல்லாதபோது தோட்டத்தில் என்ன நடக்கும் என்பதற்கு பிளெனமும் சாட்ஸ்வர்த்தும் சாட்சி. 1704ஆம் ஆண்டுப் போர் வெற்றிக்காக மார்ல்பரோ பிரபுவுக்கு நாடு கொடுத்த பரிசு பிளெனம் மாளிகை. வின்ஸ்டன் சர்ச்சில் 1874இல் பிறந்ததும் அங்கேதான். சிற்றோடை ஒன்றின் மேல் அறைகளோடு கூடிய பெரும் பாலம் கட்டியிருந்தார்கள். பிரவுன் ஓடையை அணைகட்டி ஏரியாக்கியபோது கீழ் அறைகள் தண்ணீரில் மூழ்கிவிட்டன; பாலத்துக்கு இப்போதுதான் பொருத்தமான தண்ணீர் கிடைத்தது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். சாட்ஸ்வர்த்தில் ரஷ்யச் சக்கரவர்த்தி வரப்போகிறார் என்று 1844இல் மலைமேல் ஏரி வெட்டி, பம்பு இல்லாமல் நீரின் அழுத்தத்தாலேயே வானுயரம் பாயும் நீரூற்றை அமைத்தார்கள். சக்கரவர்த்தி வரவேயில்லை. நீரூற்று மட்டும் அவர் பெயரோடு இன்னும் பாய்கிறது.

அந்த நீரூற்றை அமைத்த தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், தமிழ்நாட்டுப் பழக்கடை வரை வந்து சேர்ந்தவர். மொரீஷியஸ் வழியாக வந்த குட்டை வாழைக் கன்று ஒன்றை அவர் சாட்ஸ்வர்த் கண்ணாடி வீட்டில் நட்டார். அது 1835இல் பூத்தது. டியூக் குடும்பப் பெயரான கேவென்டிஷையே வாழைக்கும் வைத்தார்கள். மிஷனரி ஒருவர் கையில் அது சமோவா தீவுக்குப் போய்ப் பெருகிற்று. க்ரோ மிஷெல் என்ற பழைய ஏற்றுமதி ரகம் வாடல் நோயில் அழிந்தபோது உலகச் சந்தையை இது பிடித்துக்கொண்டது. நம் கடைகளில் மோரிஸ் என்றும் பச்சைப் பழம் என்றும் தொங்குவது இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பழம் உலகம் சுற்றினாலும் மதிப்பு ஏறவில்லை: தோட்டத்தைச் சுற்றிய மாமனார்கள் ரஸ்தாளிக்கு இது ஈடாகுமா என்று கேட்டுவிட்டு நகர்கிறார்கள்.

பூக்களுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. பிப்ரவரியில் பனித்துளிப் பூ. மார்ச்சில் டாஃபடில். ஏப்ரல் கடைசியில் மரத்தடி முழுக்க நீலமாக புளூபெல். மே மாதம் ரோடோடென்ட்ரான். அந்தக் குடும்பத்துச் செடி ஒன்று நீலகிரிச் சோலைகளில் இயல்பாகவே சிவந்து பூக்கிறது. வட வேல்ஸ் போட்னன்ட் தோட்டத்தில் மே முடிவில் சரக்கொன்றை போல மஞ்சளாகத் தொங்கும் லபர்னம் வளைவின் கீழ் நடக்கலாம். காய் விஷம், பறிக்கக் கூடாது. ஜூன் ரோஜாவுக்கு. அக்டோபர் இலை சிவப்பதற்கு. அதற்கு ஸ்டவர்ஹெட் ஏரிக்கரை பேர்போனது. ‘நம்ம ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் மாதிரியே இருக்கு’ என்று சொல்லாதவர் குறைவு. சொல்வதில் தவறில்லை. 1848இல் அதை அமைத்த மெக்ஐவர், லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்றவர்.

பெரிய மாளிகை சலித்தவர்களுக்குச் சின்னத் தோட்டங்கள் உண்டு. 1927இல் செவிலியர் நிதிக்காக 609 தோட்டங்களை ஆளுக்கு ஒரு ஷில்லிங் என்று திறந்தார்கள். அந்தத் திட்டம் மஞ்சள் அட்டைப் புத்தகத்தோடு இன்றும் நடக்கிறது. யாரோ ஒரு பல் மருத்துவரின் கொல்லைக்குள் கட்டணம் கட்டி நுழைந்து, அவர் மனைவி சுட்ட கேக்கையும் காசு கொடுத்துத் தின்றுவிட்டு வரலாம். கென்ட்டிலுள்ள சிசிங்ஹர்ஸ்ட்டை 1930இல் எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட்டும் கணவர் ஹெரால்ட் நிகல்சனும் இடிபாடாக வாங்கினார்கள். வெள்ளைப் பூக்கள் மட்டும் உள்ள அதன் ஒரு பகுதியைப் பார்த்து உலகம் முழுக்கப் பாத்தி போட்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை சில இடங்களில் சோழமண்டலக் கரையில் கிடைக்கிறது. தென்மேற்கு லண்டன் தமிழர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகும் சர்ரேயின் கிளேர்மான்ட் தோட்டம், ராபர்ட் கிளைவ் வாங்கியது. 1744இல் சென்னையில் கம்பெனிக் குமாஸ்தாவாக இறங்கி, 1751இல் ஆற்காட்டைப் பிடித்து, வங்காளத்தில் செல்வம் குவித்தவர், இங்கிருந்த வீட்டை இடித்துப் புதிது கட்டச் சொன்னார்; கட்டிக் கொடுத்ததில் பிரவுனும் ஒருவர். 1774இல் கிளைவ் இறந்துபோனார். அவருடைய புல்மேட்டில் இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எவர்சில்வர் தூக்கு திறந்து புளியோதரை பரிமாறுகிறார்கள். வாத்துகள் வடை கேட்டு வரும். கொடுக்கக் கூடாதென்று பலகை சொல்லும்.

வேல்ஸிலுள்ள போவிஸ் கோட்டை இன்னும் நெருக்கம். கிளைவின் மகன் எட்வர்ட் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். 1799 மே மாதம் சீரங்கப்பட்டணம் விழுந்ததும், அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும் அவர் காலத்தில். அவருடைய ஆட்சியில் எழுந்த விருந்து மண்டபம்தான் இன்றைய ராஜாஜி மண்டபம். அவர் மனைவி போவிஸ் குடும்பத்துப் பெண். திப்புவின் பூ வேலை செய்த கூடாரமும், சிம்மாசனத்திலிருந்து கழற்றிய தங்கப் புலித்தலையும் அதனால் இந்தக் கோட்டையில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. வெளியே மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டம் பிரிட்டனின் மிக அழகானவற்றுள் ஒன்று. உள்ளே பார்த்ததைப் பற்றி ஆளுக்கொன்று பேசிக்கொண்டே அதில் நடக்கலாம்.

டெர்பிஷயரின் கெடில்ஸ்டன் மாளிகையைப் பார்த்துத்தான் கல்கத்தா அரசு மாளிகையைக் கட்டினார்கள். கெடில்ஸ்டனில் பிறந்த கர்சன் 1899இல் வைஸ்ராயாகப் போய், வீட்டு நகலிலேயே குடியிருந்தார். கிளாஸ்டர்ஷயரின் செசின்காட் மாளிகையோ கம்பெனியில் சம்பாதித்த சார்ல்ஸ் காக்கரெலுக்காக அவர் சகோதரர் முகலாய பாணியில் கட்டியது. பச்சைக் களிம்பேறிய செப்பு விதானம் மழையில் மின்னும். தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் 1792இல் மதுரை, தஞ்சாவூர் வரை வந்து கோயில்களை வரைந்த தாமஸ் டேனியல். ஓடைப் பாலத்தின் மேல் நந்திகள் படுத்திருக்கின்றன. அந்தத் தூறலில் அம்மாக்கள் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்து, கடைசியில் கன்னத்தில் மட்டும் போட்டுக்கொள்கிறார்கள்.

2020இல் நேஷனல் டிரஸ்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. காலனி ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் தொடர்புடைய தன் இடங்கள் 93 என்றது. சர்ச்சிலின் சார்ட்வெல் வீடும் பட்டியலில் இருந்தது. பத்திரிகைகள் கொதித்தன. மாளிகைக்கு வருபவர் தேநீர் குடிக்க வருகிறார், குற்றப்பத்திரிகை படிக்க வரவில்லை என்பது ஒரு கட்சி. தேநீர், சர்க்கரை இரண்டும் எங்கிருந்து வந்தன என்பது மறு கட்சி. இரு கட்சியாரும் சந்தாவைப் புதுப்பித்துக்கொண்டு ஒரே தேநீர்க் கடையில்தான் உட்காருகிறார்கள்.

தேநீர்க் கடை பெரும்பாலும் பழைய குதிரை லாயத்தில் இருக்கும். அங்கே ஸ்கோன் என்ற மாவுப் பண்டம் முக்கியம். நடுவில் பிளந்து ஜாமும் கெட்டியான பாலாடையும் தடவ வேண்டும். டெவன்காரர் பாலாடையை முதலில் தடவுவார், கார்ன்வால்காரர் ஜாமை. இந்த விஷயத்தில் சமரசம் கிடையாது. பெண்மணி ஒருவர் டிரஸ்டின் 244 இடங்களிலும் ஸ்கோன் தின்று மதிப்பெண் போட ஆரம்பித்து, பத்தாண்டில், 2023இல் முடித்தார். காரம் தேடும் நாக்குக்கு இதெல்லாம் போதாது. கைப்பையில் ஊறுகாய்ப் பொட்டலம் இருந்தால் சீஸ் ஸ்கோனோடு சேரும். பல மாளிகைகளின் புல்வெளியில் சொந்தச் சாப்பாட்டை விரித்துத் தின்னத் தடையில்லை. கடைக்குள் தின்னத்தான் தடை.

வெளியே போகும் வழி பரிசுப்பொருள் கடை வழியாகத்தான். லாவெண்டர் சோப்பு, ஷார்ட்பிரெட் டப்பா, மாளிகைப் படம் போட்ட பாத்திரம் துடைக்கும் துணி ஆகியவை பெட்டியில் அடங்கும். ஊரில் யாருக்குக் கொடுத்தாலும் மரியாதை. வாசலோரம் செடிகள் விற்பார்கள். ரோஜாக் கன்றைக் கையில் எடுத்துவிட்ட அம்மாவைத் தடுப்பது கஷ்டம். ஆனால் தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் சென்னை விமான நிலையத்தில் அதை விடமாட்டார்கள். மகன் வீட்டுப் பால்கனியில் வைத்துவிட்டு வரலாம். மாளிகை பொதுவாக ஐந்து மணிக்கு மூடும், கடைசி அனுமதி அதற்கு ஒரு மணி முன்பு. ஆகவே இட்லி ஊற்றிவிட்டுப் பதினொன்றரைக்குக் கிளம்பும் வழக்கத்தை அன்று ஒரு நாள் மட்டும் விட்டுவிட வேண்டும்.